கெல்மார்ட்டன் மாளிகையில் நானும் செபமாலையரும்

ஜனவரி 13, 2009, செவ்வாய்

கழுத்து போய்விட்டது. முழுநாளும் மேலே பார்த்தபடி வேலை.

குளிர்காலத்தில் இந்தப் பழைய ஆங்கிலத் துரை மாளிகையை, பார்க்க வருகிற சனத்துக்குப் பூட்டிவிடுவார்கள். இந்த மாதங்களில்தான் எங்களுக்குச் சீலிங் வேலை. துணி போடக் கூடாது, தண்ணீர் கூடவே கூடாது. சில்லு வைத்த கம்பிக் கோபுரத்தில் இரண்டு பேர் ஏறி நிற்க வேண்டும். ஒருவர் பன்றிமயிர்த் தூரிகையால் சாந்துப் பூக்களை மெல்லத் தடவ, மற்றவர் ஹூவர் குழாயைப் பக்கத்தில் பிடித்துத் தூசியை வாங்க வேண்டும். நான் தூரிகை, செபமாலைமுத்து குழாய். மூன்று வருஷமாக இதே சோடி. எங்களுடைய மேலாளர் ஹெலன் முதல் வருஷம் முழுக்க எங்களைப் புருசன் பெண்சாதி என்றே நினைத்திருந்தாளாம்.

நாங்கள் ஏறி நிற்கிற இடத்தில் சாந்தால் செய்த குழந்தைகள் பூமாலை பிடித்துக்கொண்டு பறக்கின்றன.

"செபமாலையர், இந்தப் பிள்ளையளைப் பாருங்கோ. இருநூறு வருஷத்துக்கு மேலை தொங்குதுகள். ஒரு துரைக்கும் ஒரு கோவணம் வாங்கிக் குடுக்க மனம் வரேல்லை."

"வாயை மூடும் சுசிலா, தூசி போகப்போகுது."

சிரித்தார். சிரித்ததில் குழாய் ஆடி ஒரு குழந்தையின் காலில் தட்டப் பார்த்தது. ஹெலன் கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏறுவதற்கு முன் மோதிரம், காப்பு, இடுப்புப் பெல்ட் எல்லாம் கழற்ற வேண்டும். தங்கமுலாமில் கீறல் விழும். ஸ்டாஃப் றூமில் அதற்கென்று ஒரு பீங்கான் தட்டு. அவர் கலியாண மோதிரத்தை அதில் போடுவார். எனக்குக் கழற்ற ஒன்றும் இல்லை. என் மனுசன் ஜெர்மனியில் மாரடைப்பில் போய் எட்டு வருஷம்.

பின்னேரம் பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போனேன். ஈர்க்கு மாதிரி மெலிந்த ஒரு கரும்பு. விட்டுவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 2, திங்கள்

பனி. ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. மகள் துஷ்யா கம்பஸுக்குப் போகாமல் கீழே பனியில் பந்து பிடித்து விளையாடுகிறாள், பத்தொன்பது வயதுக் குமர்.

செபமாலையர் போன் எடுத்தார். மனுசி றெஜினாவின் கதை ஒன்றும் இல்லையாம். வன்னிக்குள் கடைசியாகப் புதுக்குடியிருப்பில் இருந்து பேசியது. அதன் பிறகு அந்த லைன் இல்லை. இவர் அவவை விட்டுவிட்டு வந்து பத்து வருஷம். இவருக்கு இங்கே தங்க விசா கிடைத்ததே போன வருஷம்தான். கூப்பிடலாம் என்றபோது பாதை பூட்டு.

"வெளிக்கிட்டிருப்பா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றேன்.

வேறென்ன சொல்வது? 

பெப்ரவரி 19, வியாழன்

புதிதாக வந்த வழிகாட்டிகளுக்கு ஹெலன் வீட்டைக் காட்டினாள். நாங்களும் பின்னால் போனோம். எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். வீட்டைக் கட்டின துரைக்கு எல்லாம் சோடியாக இருக்க வேண்டும். முன்பக்கம் நின்று பார்த்தால் இடப்பக்கம் எத்தனை யன்னலோ வலப்பக்கமும் அத்தனை. ஆனால் வலப்பக்கம் உள்ளே புகைபோக்கி ஓடுகிறது, யன்னல் வைக்க ஏலாது. என்ன செய்தான்? செங்கல்லில் சுவரைக் கட்டி, வெளியே கண்ணாடிச் சட்டம் வைத்து, கறுப்பு அடித்துவிட்டான். தூரத்தில் யன்னல். கிட்டப் போனால் சுவர்.

சாப்பாட்டு அறையில் இன்னும் மோசம். அடுப்புக்கு இடப்பக்கம் ஒரு கதவு, அது பரிமாறுகிற அறைக்குப் போகிறது. வலப்பக்கம் அதே மரம், அதே பித்தளைக் கைபிடி, அதே பூவேலை. திறந்தால் செங்கல். ஒன்றுக்கு ஒன்று சோடி வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு கதவு!

புதுப் பெடியன் ஒருவன் கழிப்பறை எங்கே என்று கேட்டான். நான் மரியாதையாக வலப்பக்கக் கதவைக் காட்டினேன். திறந்து செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான், பாவம். செபமாலையர் தூணுக்குப் பின்னால் போய் நின்று குலுங்கிச் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அதற்காக ஹெலனிடம் வாங்கின ஏச்சு எனக்குக் காணாது, இன்னும் வாங்கலாம்.

மார்ச் 14, சனி

மாளிகை திறந்தாயிற்று. விடிய வந்து எல்லா அறையிலும் மரக்கதவுகளை ஒவ்வொன்றாக மடித்து வெளிச்சம் விட்டோம். குளிர்காலம் முழுக்க இருட்டில் கிடந்த வீடு.

இந்த வீட்டில் பெரிய அறைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கின்றன, எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில். முதல் அறையில் நின்றால் கடைசி அறை யன்னல் தெரியும். அந்தக் காலத்தில் பெரிய ஆள் என்றால் உள்ளறை வரை விடுவார்களாம், சின்ன ஆள் என்றால் முதல் வாசலோடு நிற்பாட்டிவிடுவார்களாம்.

நான் முதல் அறைத் தொங்கலில் யன்னல் திறந்தேன், அவர் கடைசி அறைத் தொங்கலில். இடையில் எல்லாக் கதவும் திறந்து கிடக்க, வெளிச்சத்துக்குள் நீட்டுக்கு அவர். கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

எழுதிப் பார்க்கிறேன், யாரும் வாசிக்கப் போவதில்லை. எனக்கு இந்த மனுசனில் விருப்பம். கன நாளாக. அவருக்கு மனுசி இருக்கிறா. அவ அங்கே பங்கருக்குள் இருக்கிறாவோ என்னவோ, நான் இங்கே யன்னல் திறந்து கையாட்டுகிறேன். சீ.

ஏப்ரல் 20, திங்கள்

சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்த, துஷ்யாவோடு பாராளுமன்றத்தடிக்குப் போய்விட்டு வந்தேன். அவள் ஆங்கிலத்தில் கத்த, நான் தமிழில் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. செபமாலையரும் நின்றார். இன்று வன்னிக்குள் இருந்து கனபேர் வெளியே வந்திருக்கிறார்களாம், டிவியில் காட்டினார்கள். தண்ணிக்குள்ளால் தலையில் மூட்டையோடு வருகிற சனத்தில் அவர் ஒவ்வொரு பொம்பிளையாகத் தேடினார். என் போனில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார்.

"இது அவ மாதிரிக் கிடக்கு. இல்லை... இல்லை, அவ இவ்வளவு உயரமில்லை."

வரும் வழியில் சேர்ச்சில் மெழுகுதிரி கொளுத்தினேன். நான் சைவம், ஆனால் றெஜினா வேதக்காரி, அவவின்ர ஆக்களிடம்தானே அவவுக்காகக் கேட்க வேணும். அவ தப்பி வரவேணும் என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். கடவுளே, உண்மையாகத்தானே கேட்டேன்?

மே 18, திங்கள்

சண்டை முடிந்ததாம். இன்று எழுத ஏலாது.

மே 27, புதன்

வேலைக்காரர் படி என்று ஒன்று இருக்கிறது. துரைமார் கண்ணில் வேலைக்காரர் படக் கூடாதென்று சுவருக்குள்ளேயே சுழன்று ஏறுகிற படி. இரண்டு பேர் சந்தித்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நான் துடைக்கிற துணிகளோடு ஏற, அவர் மேல்படியில் இருந்தார். எழும்பவில்லை.

முகாமில் இருந்து ஊர்ப் பெடியன் ஒருவன் பேசினானாம். மே பத்தாம் திகதி, முள்ளிவாய்க்காலில், றெஜினா இருந்த பங்கர் மேல் செல் விழுந்து வெடித்ததாம். பிறகு அந்தப் பக்கம் ஒருவரையும் காணவில்லையாம். தான் கண்ணால் கண்டதென்று சொன்னானாம்.

"பத்தாம் திகதி நான் என்ன செய்தனான் தெரியுமே சுசிலா? ஞாயிற்றுக்கிழமை. நித்திரை கொண்டனான். பத்து மணி மட்டும் நித்திரை."

பக்கத்தில் இருக்க இடமில்லை. ஒரு படி கீழே இருந்தேன். அவருடைய சப்பாத்துத்தான் என் முகத்துக்கு நேரே. லேஸ் அவிழ்ந்து கிடந்தது, கட்டிவிட்டேன். மேலே அறைக்குள் யாரோ விருந்தினருக்கு இந்த மாளிகையின் அழகைச் சொல்லிக்கொண்டு போனது சுவருக்குள்ளால் கேட்டது.

ஜூன் 13, சனி

றெஜினாவின் முப்பத்தோராம் நாள் நினைவு செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லோருக்கும் லீவு வேண்டுமே, அதால் சனிக்கு வைத்தார்கள். வெம்பிளியில் அவருடைய தமக்கை பிலோமினா அக்கா வீட்டில். காலை பூசை, பிறகு சாப்பாடு.

அவருக்கு விருப்பமில்லை. "உடம்பைக் காணாமல் என்னெண்டு பூசை வைக்கிறது?" என்று நின்றார். அக்கா விடவில்லை. "ஆத்துமா அந்தரிச்சுத் திரியும் தம்பி, செய்யிறதைச் செய்" என்றா. றெஜினாவின் படத்தைப் பெரிதாக அடித்து, மாலை போட்டு, முன்னால் மெழுகுதிரி. சிரித்த முகம். பல்லில் ஒரு சின்ன இடைவெளி. நான் முதல் தரம் அப்போதுதான் அவவைக் கண்டேன்.

சமையல் என் பொறுப்பு. அவவுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். கணவாய்க் கறி, உறைப்பாக, முருங்கையிலை கொஞ்சம் போட்டு. மூன்று சட்டி வைத்தேன். அவர் வாயில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

கோப்பை கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னா: "அவனுக்கும் ஆர் இருக்கினம்? ஒரு வருஷம் போகட்டும். நீயும் தனி."

கையில் இருந்த கோப்பையை இரண்டு தரம் கழுவினேன்.

ஜூன் 15, திங்கள்

வெள்ளிச் சாமான் துடைக்க மோதிரத்தைக் கழற்றி ஸ்டாஃப் றூம் தட்டில் போட்டவர், போகும்போது எடுக்கவில்லை. மறந்தாரோ? கூப்பிட்டுச் சொல்லவோ? சொல்லவில்லை.

ஜூலை 17, வெள்ளி

மதியச் சாப்பாடு வழமைபோல் பள்ளத்தில். மாளிகைக்கு முன்னால் புல்வெளி ஆற்றுவரை ஒரே விரிப்பாகப் போகிறது என்றுதான் மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் ஓர் ஆழப் பள்ளமும் அதற்குள் ஒரு மதிலும் இருக்கிறது. மாடு ஆடு வீட்டுப்பக்கம் வராது, வேலியும் கண்ணில் படாது. ஹெலன் அதற்கு ஹா-ஹா என்று சிரிக்கிற மாதிரி ஒரு பேர் சொல்வாள். வெயிலுக்கு அந்த மதில் அடியில் நல்ல குளிர்ச்சி.

பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"சுசிலா. வருஷம் முடியட்டும். பிறகு... ரெண்டு வீட்டுக்கு ஏன் வாடகை?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் பாணைப் பார்த்தார்.

"வாடகைக்காகவோ கேக்கிறியள்?"

"வாடகைக்காகவும்தான்."

"துஷ்யாவிட்டைக் கேக்கவேணும். அவளுக்கு உங்கட குறட்டை ஒத்துவருமோ தெரியாது."

"நான் குறட்டை விடுறனான் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"கோபுரத்தில நிண்டுகொண்டே நித்திரை கொள்ளுற ஆள் நீங்கள். எனக்குத் தெரியாதோ?"

சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பி அழுதார். நானும். நாற்பத்தேழு வயதில், பள்ளத்துக்குள்ளே, பாண் துண்டோடு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 18, சனி

துஷ்யாவுக்குச் சொன்னேன். "ஃபைனலி, அம்மா" என்றாள். இவளுக்கு எப்போதிருந்து தெரியும்?

ஆகஸ்ட் 21, வெள்ளி

 ஒழுங்காக எழுதவேணும்.

சாப்பாட்டு அறையில் வெள்ளிச் சாமான் துடைத்துக்கொண்டிருந்தோம். சனம் வரும் நேரம் இல்லை. அவருடைய போன் அடித்தது. அறைகளுக்குள் போன் கதைக்கக் கூடாது, வெளியே போகவேணும். நம்பரைப் பார்த்தார், இலங்கை நம்பர். காதில் வைத்தபடி விறுவிறென்று கதவடிக்குப் போனார். வலப்பக்கக் கதவு! இந்த வீட்டில் ஒவ்வொரு கதவும் தெரிந்த மனுசன், பிடித்து இழுத்துத் திறந்து, செங்கல்லுக்கு முன்னால் நின்றார். நின்றது தெரியாமல் அப்படியே நின்றார்.

"ஆர்... ஆர் கதைக்கிறது? என்ன? திரும்பச் சொல்லும்."

 பிறகு செங்கல்லைப் பார்த்து, "றெஜினா" என்றார்.

"றெஜினா, நீயோ? உயிரோடையோ? உயிரோடையோ இருக்கிறாய்?"

நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு ஓ என்று அழுதார். நான் கையில் கரண்டியோடு நிற்கிறன். விளங்கிச்சுது. எல்லாம் விளங்கிச்சுது. அவவுக்குக் காலில் செல்துண்டு பட்டு, மே பத்துக்கு முதலே காயக்காரரோட கப்பலில ஏத்தி விட்டிருக்கினம். அந்தப் பெடியன் கண்டது வெறும் பங்கரை. ஆஸ்பத்திரி, பிறகு முகாம், ஆரிட்டையும் நம்பர் இல்லை. இப்பதான் முகாமுக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரி மதர் போன் குடுத்தவவாம்.

எனக்கு முதல் வந்தது சந்தோசம் இல்லை. அதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுறது? முதல் வந்தது, பள்ளத்துக்குள்ளே அவர் கேட்டது இனி இல்லை எண்ட நினைப்பு. அதுக்குப் பிறகுதான் சந்தோசம் வந்தது. வந்தது, பொய் இல்லை. ஆனால் பிறகுதான் வந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.  நான்தான் சொன்னேன்:

"போங்கோ, அக்காவுக்கு அடிச்சுச் சொல்லுங்கோ. கெதியாப் போங்கோ. அந்தக் கதவில்லை, மற்றது."

ஆகஸ்ட் 22, சனி

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறேன். துஷ்யா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

செப்டெம்பர் 6, ஞாயிறு

பிலோமினா அக்கா வீட்டில் நன்றிப் பூசை. போகாமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். போனேன்.

அக்கா படத்தில் இருந்த மாலையைக் கழற்றிக் குப்பையில் போடப் பயந்து, தேம்ஸ் ஆற்றில் கொண்டுபோய் விட்டாவாம். உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போட்டோமே என்று அழுகை. படம் அலுமாரிக்குள், சீலைகளுக்கு அடியில். "நான்தான் நிண்டு பூசை வைப்பிச்சனான்" என்று மார்பில் அடித்துக்கொண்டா. என்னைப் பார்த்தபோது மற்றப் பக்கம் பார்த்தா.

சாப்பிட்டபிறகு போன் வந்தது. றெஜினா முகாமில் இருந்து திருகோணமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டா. ஒவ்வொருவராகக் கதைத்து, கடைசியில் "சுசிலா அக்காவிட்டைக் குடுங்கோ" என்றாவாம். ஓடவும் ஏலாது.

"அக்கா, எனக்குப் பூசை வைச்சு நல்லாச் சாப்பிட்டியளாமே. சமையல் நீங்களாம். என்ன கறி?"

"கணவாய்" என்றேன். வேறென்ன சொல்வது?

"கணவாயோ! ஐயோ, செத்தவளுக்குக் கணவாய், இருக்கிறவளுக்கு ஆறு மாசமாப் பருப்போ? நான் பேசாமல் செத்திருக்கலாம்!"

சிரிக்கிறா. அந்தப் பக்கம் கிடந்து விழுந்து சிரிக்கிறா, நானும் சிரித்துவிட்டேன். அடக்க ஏலாமல் சிரித்தேன்.

"உப்புக் கூடிப்போச்சுது. நீங்கள் தப்பிட்டியள்" என்றேன்.

"வந்து நான் காய்ச்சித் தாறன். அவரை நீங்கள்தான் பாத்துக்கொண்டனீங்களாம், சொன்னவர். பெரிய புண்ணியம் அக்கா."

அந்தப் பொம்பிளையை எனக்கு வெறுக்க ஏலுமெண்டால் எவ்வளவு சுகம். ஏலாமல் கிடக்கு. பிடிச்சுப்போச்சு எனக்கு அவவை.

செப்டெம்பர் 8, செவ்வாய்

தட்டில் மோதிரம் இல்லை. அவர் விரலில்.

படியில் சந்தித்தோம். அவர் சுவரோடு ஒட்டி நின்றார். "சுசிலா, நான்..." என்றார். "வழியை விடுங்கோ செபமாலையர், சாமான் பாரம்" என்றேன். கையில் இரண்டு தூசித்துணி.

நவம்பர் 2, திங்கள்

மாளிகையை மூடினோம். கதிரைகளுக்கு வெள்ளைச் சீலை போர்த்து, சரவிளக்கை இறக்கிப் பை கட்டி, மரக்கதவுகளைச் சாத்தி, ஒவ்வொரு அறையாக இருட்டாக்கிக்கொண்டு பின்வாங்குகிற வேலை. முடிவில் ஹெலனிடம் போனேன். வருகிற சீலிங் வேலைக்கு என்னைக் கோபுரத்தில் போட வேண்டாம், கழுத்து ஏலாது, சமையற்கட்டுப் பக்கம் தா என்றேன். சமையற்கட்டு மாளிகையில் இருந்து கனதூரம். தீப்பிடித்தாலும் மணம் வந்தாலும் துரைக்குத் தெரியக் கூடாதென்று தள்ளிக் கட்டியது. அங்கேயிருந்து சாப்பாடு மேசைக்குப் போகமுன் ஆறிவிடும்.

ஹெலன் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்தாள். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் எல்லாம் மறைத்து வைத்திருக்கிறேன் என்ற நினைப்பு.

டிசம்பர் 19, சனி

றெஜினாவுக்கு விசா வந்துவிட்டது. தை முடிவில் வாறா.

செபமாலையர் போன் எடுத்து, குளிர்கோட்டு ஒன்று வாங்க வேணும், தனக்குப் பொம்பிளை உடுப்பு ஒன்றும் தெரியாது, அக்காவுக்கும் முழங்கால் ஏலாது என்றார். ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டூட்டிங் கடைத்தெருவில் நிற்கிறேன், வாங்கோ என்றுவிட்டேன்.

கடைக்குள் சரியான சனம், நத்தார் நெரிசல். நாவல் நிறத்தில் ஒன்று எடுத்தேன், முழங்காலுக்குக் கீழே வரும், உள்ளே பஞ்சு, தலைமூடி. அவர் விலைச்சீட்டைப் பார்க்கவில்லை. அளவு என்ன என்று கேட்டேன்.

"அதுதான் தெரியேல்லை. பத்து வருஷம். உம்மட உயரம்தான் வருவா. நீர் ஒருக்காப் போட்டுக் காட்டுமன்."

போட்டேன். பொத்தானைக் கழுத்துவரை பூட்டினேன். தைத்தது போலக் கிடந்தது. கண்ணாடியில் பின்னால் அவர் நிற்கிறார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. என்னைத்தான் பார்த்தார். 

"வடிவா இருக்கு" என்றார்.

"ஓம், நல்ல கோட்டு" என்றேன்.

கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, இதிலேயே ஒரு அளவு சின்னது எடுக்கச் சொன்னேன். முகாமில கிடந்தவ, மெலிஞ்சிருப்பா.